ரோடு ஃபைட்டர்: மூணாவது ரோட்டுல பெட்ரோல் தீந்துருது. எனக்கு வயசாயிட்டோ, கேம் மாறிட்டோ?

1. பேட்டைக்காரன்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான், சிரிக்காம பதில் சொல்லுங்க.

மகனுக்குப் பரீட்சை லீவு. கையில இருந்து செல்போனைப் பிடுங்க ஒரு வழி வேணுமேன்னு டிவியில சொருகுற கேம் ஸ்டிக் ஒண்ணு ஆன்லைன்ல வாங்குனேன். ஆயிரக்கணக்குல கேம் இருக்குன்னு அட்டையில போட்டிருக்கான். நமக்கு அதெல்லாம் எதுக்கு? நேரா ரோடு ஃபைட்டரைத் தேடி எடுத்தேன். அதே செவப்புக் கார், மேல இருந்து பாக்குற அதே ரோடு, 'ஏ' பட்டனை அமுக்குனா அதே நானூறு கிலோமீட்டர்.

தொண்ணூறுகள்ல பேட்டையில எங்க தெருவுக்கு இந்தக் கேமுல நாந்தான் ராஜா. நாலு ரோட்டையும் முடிச்சிட்டு மறுபடி மொதல்ல இருந்து ஓட்டுவேன். இப்போ மொத ரோடு தட்டுத்தடுமாறி முடியுது. ரெண்டாவது முக்கி முனகி முடியுது. மூணாவதுல பாதி தாண்டுறதுக்குள்ள பெட்ரோல் தீந்து வண்டி நின்னுருது. இத்தனைக்கும் சின்னப் பிள்ளையில ஓட்டுன மாதிரி கண்ணை மூடிக்கிட்டு 'ஏ'யை அமுக்குறதில்ல. பெட்ரோலை மிச்சம் பிடிக்கணும்னு முக்காவாசி நேரம் 'பி' பட்டன்லதான் பையப் போறேன்.

மகன் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு, "அப்பா, நீங்க அப்ப ஓட்டுனது வேற கேமா இருக்கும்"ங்கான்.

ஸ்டிக்குல இருக்குறது போலியா? ஸ்பீடைக் கூட்டி வச்சிருக்கானுவளா? இல்ல, நம்ம கை அவ்வளவுதானா?

2. சுத்தமல்லி எக்ஸ்பிரஸ்

வயசுதான் அண்ணாச்சி. அடுத்த கேள்வி இருந்தா போடுங்க.

3. கல்லிடை அப்பளம்

ஆஹா, ரோடு ஃபைட்டர்! எங்க ஊர்ல ஒரு கேசட் கடையில பின்பக்கத் திண்ணையில டிவியும் கேம் பெட்டியும் வச்சு அரை மணி நேரத்துக்கு இவ்வளவுன்னு வாடகைக்கு விடுவாவ. நாலு பேரு சேந்து காசு போட்டு உக்காருவோம். கரண்டு போச்சுன்னா கேம் நிக்கும், கடைக்காரர் கடிகாரம் மட்டும் நிக்காது. "செல்லுல ஓடுத கடிகாரம்டே, அது எப்படி நிக்கும்"பாரு. அந்த நியாயத்துக்கு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பதில் கிடைக்கல.

பேட்டை அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு உங்க வீட்டுல இருந்தது என்ன பெட்டி? மீடியாவா, லிட்டில் மாஸ்டரா?

4. வண்ணார்பேட்டை சால்டரிங்

டிவி ரிப்பேர்க் கடையில பாதி ஆயுசு போன ஆளு நான். இதுக்கு நான் சொல்லுதேன்.

ஸ்டிக்குல ஸ்பீடைக் கூட்டலை. நீங்க சின்னப் பிள்ளையில ஆடுனதுதான் ஸ்பீடு கொறஞ்ச கேம்.

நாம வீட்டுல ஆடுன இந்தக் கேமை எழுதுனது நிண்டெண்டோவோட ஃபேமிகாம் பெட்டிக்கு. அந்தப் பெட்டி 1983-ல ஜப்பான்ல வந்தது. அந்த ஊரு டிவி என்.டி.எஸ்.சி. முறை, செகண்டுக்கு 60 தடவை படம் வரையும். நம்ம ஊரு டிவி பால் (PAL) முறை, செகண்டுக்கு 50 தடவைதான். நம்ம கைக்கு வந்த பெட்டி எதுவும் நிண்டெண்டோ செஞ்சதும் இல்ல. தைவான் யூ.எம்.சி. கம்பெனியோட 6527பி, 6538-னு சிப்பு போட்டு, பால் டிவிக்குன்னே தோதா செஞ்ச நகல் பெட்டிங்க. ரஷ்யாவுல டெண்டின்னு வித்ததும் இதே சாதிதான். பிந்தி வந்ததுல அந்தச் சிப்பு ரெண்டையும் ஒண்ணாக்கி, போர்டு மேல கறுப்பா தார் சொட்டு விட்ட மாதிரி மூடியிருப்பான்.

கேமுக்குள்ள நேரம்னு தனியா கிடையாது. படத்தை எண்ணித்தான் எல்லாக் கணக்கும் நடக்கும். ஒரு படத்துக்கு ரோடு இத்தனை புள்ளி கீழ எறங்கணும்னு எழுதி வச்சிருப்பான். 60 படம் வரவேண்டிய இடத்துல 50 வந்தா எல்லாமே ஆறுல ஒரு பங்கு மெதுவாயிரும். ஜப்பான்காரப் பையன் 60 செகண்டுல கடக்குற தூரத்தை நம்ம பையன் 72 செகண்டுல கடப்பான். திரையில 400-ன்னு எண் காட்டும், கண்ணுக்கு வந்தது 333 வேகம்தான்.

உங்க ஸ்டிக்கு ஒழுங்கா 60-ல ஓட்டுது. அதாவது உங்க கை பழகுன வேகத்துக்கு மேல அஞ்சுல ஒரு பங்கு கூட. உங்க மகன் சொன்னதுல தப்பே இல்ல.

5. பேட்டைக்காரன்

சால்டரிங் அண்ணாச்சி, நெஞ்சுல பால் வார்த்திய. இதை அப்படியே மகன்கிட்ட வாசிச்சுக் காட்டிட்டேன். "அப்போ பெட்ரோலும் மெதுவாத்தானே கொறஞ்சிருக்கும்?"ங்கான். என்ன சொல்ல?

கல்லிடை, எங்க வீட்டுல இருந்தது மீடியா. ஆனித் தேரோட்டத்துக்கு டவுன்ல பொருட்காட்சி போடுவாவல்லா, அப்போ மாமா வாங்கிக் கொடுத்தது.

6. வண்ணார்பேட்டை சால்டரிங்

பய கெட்டிக்காரனா இருக்கான். ஆமா, பெட்ரோலும் படத்தை எண்ணித்தான் கொறையும். அதனால பெட்ரோலுக்கும் தூரத்துக்கும் உள்ள கணக்கு எந்த டிவியில போட்டாலும் ஒண்ணுதான். மாறுனது உங்க கண்ணுக்கும் விரலுக்கும் நடுவுல கிடைக்குற அவகாசம். அது கொறஞ்சா இடி கூடும், இடி கூடுனா பெட்ரோல் போகும்.

இன்னொரு கோளாறும் இருக்கு. அன்னைக்கு சாலிடேரோ டயனோராவோ, பிக்சர் டியூப் டிவி. சிக்னல் வரவர படம் விழும். இப்போ உள்ள தட்டை டிவி ஒரு படத்தை முழுசா வாங்கி, பெருசாக்கி, மெருகேத்தி, பொறவுதான் காட்டும். 60-ல ஓடுற கேமுல ஒரு படத்துக்கு கிட்டத்தட்ட 17 மில்லி செகண்டு. டிவி அஞ்சு படம் தாமதமாக்குனா 80 மில்லி செகண்டுக்கு மேல போச்சு. நீங்க பாக்கும்போது அந்த நீலக் கார் ஏற்கெனவே உங்க முன்னாடி வந்து நிக்குது. பழைய பெட்டியையே மஞ்ச வயர் போட்டுப் புது டிவியில மாட்டுனா இதைவிட மோசம். அந்தப் பெட்டி அனுப்புற 240 வரிப் படத்தைப் பல டிவி ஒத்தைப்படை, ரெட்டைப்படைன்னு பிரிஞ்சு வர்ற படம்னு நினைச்சுக்கிட்டு இழுத்துத் தைக்கும்.

டிவி ரிமோட்டுல பிக்சர் செட்டிங்குக்குள்ள 'கேம் மோடு'ன்னு இருக்கும். அதை மொதல்ல போடுங்க. அந்த மெருகேத்துற வேலையில முக்காவாசி நின்னுரும்.

வாத்து சுடுற துப்பாக்கியை இப்போ உள்ள டிவியில மாட்டி "வேலை செய்யல"ன்னு கடைக்குக் கொண்டு வர்றாவ. அதுவும் இதே கதைதான். டியூப் டிவி வெளிச்சத்தை வச்சு கண்டுபிடிக்குற துப்பாக்கி அது, தட்டை டிவியில சுட்டா வாத்து சிரிச்சுக்கிட்டே போகும்.

7. அம்பை மைனி

எல்லாரும் டிவியையே பேசுதிய. பேட்டை அண்ணன் மொத பதிவுல எழுதுன ஒரு வரியை யாரும் வாசிக்கலையா?

» பெட்ரோலை மிச்சம் பிடிக்கணும்னு முக்காவாசி நேரம் 'பி' பட்டன்லதான் பையப் போறேன்.

அண்ணே, இது டிவிஎஸ் 50 இல்ல. ரோடு ஃபைட்டர்ல பெட்ரோல் தூரத்துக்குக் கொறையாது, நேரத்துக்குக் கொறையும். நீங்க நூறுல போனாலும் நானூறுல போனாலும் ஓரத்துல அந்த எண் அதே தாளத்துலதான் எறங்கும். வண்டி சும்மா நின்னாலும் எறங்கும். பையப் போகப் போக அடுத்த மீட்டருக்கு ஆகுற பெட்ரோல் கூடுது. 'பி' பட்டன் பாதி வேகத்துக்குப் பக்கத்துலயே நின்னுரும், அதுல முக்காவாசி ரோடு போனா தீராம என்ன செய்யும்?

இந்தக் கேமுல பெட்ரோல்னு பேரு போட்டிருக்குறது உண்மையில கடிகாரம். கல்லிடைக் கடைக்காரர் கடிகாரம் மாதிரியேதான், எதுக்கும் நிக்காது. வெரசா போறவளுக்குத்தான் பெட்ரோல் மிச்சம். இடிச்சு வெடிச்சா அதுல ஒரு துண்டு தனியாப் போகும், போதாக்குறைக்கு வண்டி சைபர்ல இருந்து மறுபடி எடுக்கணும். அந்த எடுக்குற நேரத்துலயும் எண் எறங்கும். ரெட்டை அடி. நல்லா ஆடுறவங்க எல்லாருமே 'ஏ'யில ஓட்டுறவங்கதான். ரோடு ஒடுங்குற இடத்துல, லாரி வர்ற இடத்துல மட்டும் விரலை எடுத்து எடுத்து வைப்பாங்க. பிரேக்கே இல்லாத கேமுல விரலை எடுக்குறதுதான் பிரேக்.

பல கலர்ல மினுக்கிக்கிட்டு ஒரு கார் வரும்லா, அதைத் தொட்டா பெட்ரோல் ஏறும். அதையும் விரட்டிக்கிட்டுப் போகாதீங்க. அது நம்ம வரிசைக்குப் பக்கத்து வரிசையில வந்தா மட்டும் சாய்ஞ்சு தொடணும். ரோட்டுக்கு அந்த ஓரத்துல வர்றதைப் பிடிக்கப் போயி நடுவுல ரெண்டு காரை இடிச்சா கொள்ளுமுதல் என்ன, விற்றுமுதல் என்ன?

எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பிய. எங்க அண்ணனுங்க ரெண்டு பேரும் இந்தக் கேம் போடும்போது எனக்கு ரெண்டாவது ரிமோட்டைக் குடுத்து, "நீ அந்த மஞ்சக் காரை ஓட்டு"ன்னு சொல்லி வச்சிருந்தானுவ. ரோடு ஃபைட்டர் ஒத்தை ஆளு கேம். அந்த ரிமோட்டுக்கும் திரைக்கும் சம்பந்தமே கிடையாது. இது தெரியாம நானும் கோடை லீவு பூரா மஞ்சக் காரைக் கண்ணும் கருத்துமா ஓட்டியிருக்கேன். அதுல ஒரு லாபம், எந்தக் கார் எப்படி நடக்கும்னு என்னை மாதிரி யாரும் பாத்திருக்க மாட்டாவ. மஞ்சக் கார் ஒரு நாளும் வரிசை மாறாது. அதனாலதான் நான் நல்லா ஓட்டுறதாவே நினைச்சிருந்தேன். அண்ணனுங்க டியூஷனுக்குப் போன நேரத்துல மொத ரிமோட்டு கையில கிடைச்சிச்சு, பொறவு வீட்டுல அந்தக் கேமுக்கு நாந்தான்.

8. கல்லிடை அப்பளம்

மைனி, மஞ்சக் காரு கதையைப் பொண்டாட்டிக்குப் படிச்சுக் காட்டினேன். அவளும் அண்ணன்மாரோட பொறந்தவ. இப்போ என் மச்சானுக்குப் போன் போட்டு விசாரணை நடக்கு.

9. வள்ளியூர் லோடு

லாரி டிரைவர். நான்குவழிச் சாலையில கிடக்குறவன். ஓய்வு நேரத்துல செல்லுல இதே கேமுதான்.

மைனி சொன்ன பெட்ரோல் கணக்கு நூத்துக்கு நூறு. எங்க பொழப்புல அது தலைகீழ். நாங்குநேரி தாண்டி பணகுடிப் பக்கம் ஆடிக் காத்துல போய்ப் பாருங்க. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து வெறும் வண்டியை ஓரத்துக்குத் தள்ளும். அங்க ஸ்பீடு போட்டா டீசலும் போகும், மானமும் போகும். நிஜச் சாலையில ஓட்டுறவன் 'பி' பட்டன் புத்தியிலதான் இருப்பான், பேட்டை அண்ணாச்சியைக் குத்தம் சொல்ல முடியாது.

வண்டி சறுக்குறதைப் பத்தி யாரும் சொல்லல. அடுத்த காரு லேசா உரசுனா இந்தக் கேமுல உடனே வெடிக்காது. நம்ம காரு ஒரு பக்கமா வளைஞ்சு ஓரத்தைப் பாத்துப் போகும். அந்த நேரத்துல பதறாம எதிர்ப்பக்கம் தட்டுனா நேராயிரும். தட்டலைன்னா சுவத்துல போய் வெடிக்கும். லாரியில மோதுனா இந்தச் சலுகை கிடையாது, அந்தாக்குல வெடிதான்.

10. டவுன் ரதவீதி

» எதிர்ப்பக்கம் தட்டுனா நேராயிரும்

எனக்கு டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தது, சறுக்குற பக்கமே ஸ்டியரிங்கை ஒடின்னு. லாரி ஓட்டுற நீங்களே மாத்திச் சொன்னா எப்படிவே?

11. வள்ளியூர் லோடு

மாத்திச் சொல்லல வேய். ரெண்டும் ஒண்ணுதான். நிஜ வண்டியில பின்பக்கம் வலது பக்கமா போச்சுன்னா மூஞ்சி இடது பக்கம் திரும்பும். அப்போ ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்கணும். பின்பக்கத்தை வச்சுச் சொன்னா 'சறுக்குற பக்கம்', மூஞ்சியை வச்சுச் சொன்னா 'எதிர்ப்பக்கம்'. கேமுல காரோட மூஞ்சிதான் நமக்குப் பளிச்சுன்னு தெரியும், அதனால மூஞ்சிக்கு எதிர்ப்பக்கம்னு வச்சுக்கிட்டா போதும்.

ஆனா ஒரே தட்டு. பிடிச்சுக்கிட்டே இருந்தா இந்தப் பக்கச் சுவரு தப்பிச்சு அந்தப் பக்கச் சுவருல வெடிக்கும். செங்கோட்டைப் பக்கம் மழையில புதுசா ஓட்டுற பயலுவ நிஜத்துலயே இதைத்தான் செய்வானுவ. மொத சறுக்கல்ல கவுறதில்ல, அதைச் சரி பண்ண ஓவரா ஒடிச்சு அடுத்த சறுக்கல்லதான் கவுறது.

12. டவுன் ரதவீதி

சரி, ஒத்துக்கிடுதேன். ஆனா இது ரேஸ் கேமே இல்லைங்குறது என் கட்சி. எதிராளி கிடையாது, வளைவு பேருக்கு இருக்கு, கியர் கிடையாது. நம்மளை யாரும் முந்துறதில்ல, நாம முந்துறவன் எவனும் போட்டிக்கு வந்தவன் இல்ல, பாவம், அவன் பாட்டுக்கு ஆபீசுக்குப் போறான்.

அதே கேசட்டுல 'எஃப் 1 ரேஸ்'னு இருந்திச்சே, நினைவு இருக்கா? அது 1984-ல நிண்டெண்டோவே போட்ட கேம். காருக்குப் பின்னால நின்னு பாக்குற மாதிரி, ரோடு வளைஞ்சு வளைஞ்சு நம்மளைப் பாத்து வரும். கியர் உண்டு. அந்தச் சின்னச் சிப்புல அப்படி ஒரு ரோட்டை ஓட விட்டது சடோரு இவாட்டா. அப்போ எச்.ஏ.எல். லேபரட்டரியில புரோகிராம் எழுதிக்கிட்டிருந்த ஆளு, 2002-ல நிண்டெண்டோவுக்கே தலைவராயிட்டாரு. அதை விட்டுட்டு எல்லாரும் ரோடு ஃபைட்டரைத் தூக்கிப் பிடிக்கிய.

13. அம்பை மைனி

ரதவீதி அண்ணே, எஃப் 1 ரேஸ் அழகுதான், யாரு இல்லைன்னா. ஆனா பத்து நிமிஷம் ஆடுனா அடுத்த ஆளுகிட்ட குடுத்துருவோம். ரோடு ஃபைட்டரைக் குடுக்க மாட்டோம். எதிராளி இல்லைங்கியளே, அந்த எறங்குற எண்ணுதான் எதிராளி. முந்தவும் முடியாது, இடிக்கவும் முடியாது. ஓடுற நேரம் முழுக்கப் பாட்டுக் கூட கிடையாது, வெறும் இன்ஜின் இரைச்சல். பாட்டு இருந்தா அதுல மனசு போயிரும். இங்க இரைச்சல் ஏறுதா எறங்குதான்னு காதுல கேட்டே வேகம் தெரியும், கண்ணை ரோட்டுல இருந்து எடுக்க வேண்டாம்.

14. கேசட் பெட்டி

இந்தச் சண்டையில எனக்குப் பக்கம் இல்ல. சில விவரம் மட்டும் சேத்துக்கிடுதேன்.

ரோடு ஃபைட்டர் கொனாமி கம்பெனியோட கேம். அவனுக்கு இதுதான் மொத கார் கேம். 1984-ல கடையில காசு போட்டு ஆடுற பெட்டியா வந்தது, 1985-ல ஃபேமிகாமுக்கும் எம்.எஸ்.எக்ஸ். கம்ப்யூட்டருக்கும் மாத்தினான். ஐரோப்பாவுல நிண்டெண்டோ பெட்டிக்கு 1992-லதான் போனது, அதுவும் பால்காம்ங்குற கம்பெனி பேருல. அமெரிக்காவுல அந்தப் பெட்டிக்கு வரவே இல்ல. 1995-ல 'மிட்நைட் ரன்'னு ரெண்டாம் பாகம் முப்பரிமாணத்துல வந்தது, அதுல இந்த உசிரு இல்ல.

அமெரிக்கப் பிள்ளைய கேள்விப்படாத ஒரு கேம் பேட்டையிலயும் கல்லிடையிலயும் ஏன் தெருவுக்குத் தெரு ஓடுச்சு? கேம் சின்னது, அதான் காரணம். கேசட்டுக்குள்ள கூடுதல் சிப்பு எதுவும் கேக்காத ஆரம்ப காலச் சாதி. அந்தச் சாதியில புரோகிராமும் படமும் சேத்து 40 கிலோபைட்டுக்கு மேல போகாது. வாட்ஸ்அப்ல வர்ற 'இனிய காலை வணக்கம்' படம் இதைவிடப் பெருசு. நகல் போடுறவனுக்கு ஒரே சிப்புல வரிசையா அடுக்க இதை விட்டா எது தோது? '9999 இன் 1'னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான், உள்ள உருப்படியா இருக்குறது கையால எண்ணிரலாம். மிச்சம் எல்லாம் அதே கேமு வேற பேருல, வேற ரோட்டுல ஆரம்பிக்கிற மாதிரி. அந்த வரிசையில எப்பவும் ரோடு ஃபைட்டர் உண்டு. கொனாமிக்கு இதுல ஒரு நயா பைசா போயிருக்காதுங்குறதையும் சொல்லணும். நாம அத்தனை பேரும் திருட்டு கேசட்டுல வளந்தவங்கதான்.

15. சுத்தமல்லி எக்ஸ்பிரஸ்

ரோட்டோரமா ஒருத்தன் பறந்து போவானே, சூப்பர்மேன், அது எந்த லெவல்ல வரும்?

16. கேசட் பெட்டி

அது சூப்பர்மேன் இல்ல, கொனாமி மேன். கொனாமி கம்பெனியோட சொந்த ஆளு, அவனோட மத்த கேமுலயும் தலை காட்டுவான். லெவல் கணக்கு இல்ல. கொஞ்ச தூரத்துக்கு எங்கயும் இடிச்சு வெடிக்காம போனா ஓரமா பறந்து வருவான், பாயிண்டு கிடைக்கும். உங்க தெருவுல அவன் அடிக்கடி வரலைன்னா ஓட்டுன லட்சணம் அப்படி.

17. சுத்தமல்லி எக்ஸ்பிரஸ்

நல்லா இருங்க.

18. களக்காடு வாழை

சும்மா வாசிச்சுக்கிட்டிருந்தேன், ஆன்டெனா நினைப்பு வந்துட்டு. எங்க வீட்டு டிவியில ஏ.வி. ஓட்டை கிடையாது. பின்னால ஆன்டெனா வயரைக் கழத்திட்டு கேம் பெட்டி வயரை மாட்டணும், பொறவு சேனல் திருகியை மயிரிழை மயிரிழையா திருப்பணும். கொஞ்சம் தள்ளிப் போச்சுன்னா ரோடு பச்சையா தெரியும், இன்னும் கொஞ்சம் தள்ளுனா கறுப்பு வெள்ளை. ஆடி முடிச்சிட்டு ஆன்டெனா வயரை மறுபடி மாட்டாம எந்திரிச்சுப் போனா அன்னைக்குத் தீந்தோம். அப்பா செய்தி பாக்க உக்காருவாவ, திரை முழுக்கப் புள்ளியா இரையும். வயரு அப்படியே இருந்தாலும் சிலநாளு கொடைக்கானல் டவர் மங்கி, இலங்கை ரூபவாகினிதான் வரும். அதுக்கும் அடி எனக்குத்தான்.

தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுற நேரம் ஊருல எல்லா மோட்டாரும் ஓடும். வோல்டேஜ் எறங்கி படம் நாலு பக்கமும் சுருங்கிரும். அந்த ஒடுங்குன ரோட்டுல ஓட்டிப் பழகுனவன் நான், எனக்கு மூணாவது ரோடெல்லாம் ஒண்ணுமே இல்ல.

19. நெறியாளர்

ரெண்டு பேரு கேம் ஃபைலுக்கு லிங்க் கேட்டு எழுதுன பதிவை எடுத்தாச்சு. இங்க லிங்க் போடக்கூடாது, கேக்கவும் கூடாது. இன்னொருத்தர் நடுவுல அல்வாக் கடை வரிசையைப் பத்தி நீளமா எழுதியிருந்தாரு, அதைப் பொது இழைக்கு மாத்தியிருக்கேன். எந்த இழையைத் தொறந்தாலும் அல்வாவுலதான் முடியுது.

20. பேட்டைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. மூணு வேலை செஞ்சு பாத்தேன்.

டிவியில கேம் மோடு போட்டேன். கையில ஏதோ கட்டு அவுந்த மாதிரி இருக்கு. மைனி சொன்னபடி 'ஏ'யை விடாம ஓட்டுனேன். மூணாவது ரோடு முடிஞ்சிட்டு! நாலாவதுலதான் போகுது. ஆனா அது பெட்ரோல் தீந்து போறதில்ல, இடிச்சுப் போறது. இதுல ஒரு கௌரவம் இருக்குல்லா?

வேகத்தை 50-க்கு மாத்த வழி உண்டா அண்ணாச்சி? ஸ்டிக்குல மெனு என்னென்னமோ இருக்கு.

21. வண்ணார்பேட்டை சால்டரிங்

இந்த மாதிரி ஸ்டிக்கு சிலதுல உள்ள இருக்குறது ரெட்ரோஆர்ச்சுங்குற, பழைய கேமை ஓட்டுற மென்பொருள். கேம் ஓடும்போது மெனுவைத் தொறந்து 'கோர் ஆப்ஷன்ஸ்' உள்ள போங்க. 'ரீஜியன்'னு ஒண்ணு இருக்கும். அதுல என்.டி.எஸ்.சி., பால், டெண்டின்னு வரும். டெண்டியைப் போடுங்க, பால் வேண்டாம். பால்னு போட்டா ஐரோப்பாவுல வித்த நிஜ நிண்டெண்டோ பெட்டிக் கணக்கு, அதுல மூளைச் சிப்போட ஓட்டமும் கொறஞ்சிரும், சத்தம் கொஞ்சம் கட்டையா இருக்கும். டெண்டியில படம் மட்டும் 50, மூளை ஏறக்குறைய ஜப்பான் வேகத்துலயே ஓடும். உங்க மீடியா பெட்டி ஓடுனது அப்படித்தான். மெனு பூட்டியிருந்தா விட்டுருங்க, கிண்டாதிய.

22. பேட்டைக்காரன்

டெண்டி போட்டேன். அண்ணாச்சி, என்னத்தச் சொல்ல, அதே வேகம், அதே தெரு! நாலாவது ரோட்டுல முக்காவாசி வரைக்கும் போயிட்டேன்.

மகன் 60-லயே முந்தாநாளு நாலு ரோட்டையும் முடிச்சிட்டானாம், என்கிட்ட சொல்லாம வச்சிருக்கான். 50-ல போட்டுக் குடுத்தா "தூக்கம் வருதுப்பா"ங்கான். அவன் விளையாடும்போது மாத்தணும், நான் விளையாடும்போது மாத்தணும். இப்போ வீட்டுல அந்த ரிமோட்டுக்குச் சண்டை இல்ல, மெனுவுக்குத்தான் சண்டை.

23. அம்பை மைனி

அவனுக்கு ஒரு ஷொட்டு. நாலாவதுல நீங்க இடிக்கிறது எந்தக் காருல? நீலமா, லாரியா?

24. பேட்டைக்காரன்

லாரிதான் மைனி. நேர் எதிர்ல வந்து நிக்கும், எந்தப் பக்கம் போகன்னு யோசிக்கிறதுக்குள்ள வெடி.

25. அம்பை மைனி

நம்ம காரையே பாத்துக்கிட்டு ஓட்டுறிய, அதான். கண்ணு திரையோட மேல் ஓரத்துல இருக்கணும். புதுசா எது தலை காட்டுதோ அதை மட்டும் பாருங்க. நம்ம காரு எங்க இருக்குன்னு கை பாத்துக்கிடும். லாரி தலை தெரிஞ்ச உடனே இந்தப் பக்கம்னு முடிவு பண்ணி நகந்துரணும், நகந்த பொறவு மனசு மாறக்கூடாது. நடுக்கோட்டுல ஓட்டாதிய, ஒரு கால்வாசி வலது பக்கமோ இடது பக்கமோ இருந்தா தப்பிக்க ஒரு பக்கம் அகலமா கிடைக்கும்.

26. வள்ளியூர் லோடு

மைனிக்கு ஹெவி லைசென்சு குடுக்கலாம்.

27. களக்காடு வாழை

சால்டரிங் அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. இந்த இழையைப் பாத்துட்டுப் பரண்ல ஏறி எங்க பழைய பெட்டியை எடுத்துட்டேன். கேசட்டும் இருக்கு. அடாப்டர் மட்டும் எலி கடிச்சுப் போச்சு. வீட்டுல ரவுட்டரோட 12 வோல்ட் அடாப்டர் ஒண்ணு சும்மா கிடக்கு, முனையும் சரியா சொருகுது. போடலாமா? கேசட்டைப் பழையபடி வாயால ஊதிப் போட்டா போதுமா?

28. வண்ணார்பேட்டை சால்டரிங்

போடாதிய! முனை சொருகுறது ஒரு அத்தாட்சியே இல்ல.

நிஜ ஃபேமிகாம் அடாப்டர் 10 வோல்ட், நடுக்குச்சி மைனஸ். நம்ம ஊரு நகல் பெட்டி 9 வோல்ட்டுன்னு போட்டிருக்கும், நடுக்குச்சி ஒவ்வொண்ணுக்கு ஒவ்வொரு மாதிரி. ரவுட்டர் அடாப்டர்ல பெரும்பாலும் நடுக்குச்சி பிளஸ். மாறிப் போட்டா என்ன ஆகும்னு பெட்டிக்குள்ள தடுப்பு டயோடு இருக்கா இல்லையாங்குறதைப் பொறுத்தது. பாதி பெட்டியில இருக்காது. முனை சரியா இருந்தாலும் உள்ள 7805-னு ஒரு ரெகுலேட்டர் உண்டு, வர்ற வோல்ட்டை அஞ்சாக் கொறைக்கும். 9 குடுத்தா 4 வோல்ட்டைச் சூடாக்கித் தள்ளும், 12 குடுத்தா 7 வோல்ட்டைத் தள்ளணும். அந்தச் சின்னத் தகரத்துக்கு அது தாங்காது.

பெட்டிக்கு அடியில ஒரு வட்டப் படம் போட்டு பிளஸ், மைனஸ் குறிச்சிருக்கான்னு பாருங்க. அழிஞ்சிருந்தா தொறந்து மீட்டர் வச்சுப் பாக்கணும்.

கேசட்டை ஊதாதிய. எச்சில் ஈரம் பட்டுத்தான் பாதி பின்னு பச்சை பிடிச்சது. பென்சில் ரப்பரால பின்னை லேசாத் தேய்ச்சிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுல தொட்டுத் துடைச்சு, காய விட்டுப் போடுங்க. வண்ணார்பேட்டைப் பக்கம் வந்தா பெட்டியோட அந்த எலி கடிச்ச அடாப்டரையும் சேத்துக் கொண்டு வாங்க, தூரப் போட்டுறாதிய. வயரை மட்டும் மாத்துனா அதுவே போதும்.